ஊர்ப் பங்கு

பிரசவ விடுதி கட்ட மூன்று பங்கு என்று அறுபத்தைந்தில் யூனியன் ஆபீசில் சொன்னார்கள். அஸ்திவாரமும் கதவும் ஊர்ப் பங்கு. சுவர் சென்னை சர்க்கார். கூரையும் நர்ஸம்மாவும் டெல்லி. அதுவும் பின்தங்கிய ஊர்களுக்கு மட்டும்.

முத்தழகின் காதில் கூரை மட்டும்தான் விழுந்தது. தலைப்பிள்ளையைக் காரைக்குடிக்குப் போகிற வழியில் மாட்டுவண்டியிலேயே பறிகொடுத்தவள். இன்னொன்றைப் பெற்றுப் பிழைக்க அவளுக்கு அந்தக் கூரை வேண்டும்.

அவள் புருஷன் செம்மலை, தச்சாசாரி. கஞ்சிக்கு இல்லாவிட்டாலும் வாசல் கதவில் குறை வைக்காத சீமை அது. இடித்த பெரிய வீடு ஒன்றிலிருந்து ஊரார் வரி போட்டு பர்மா தேக்கு வாங்கினார்கள். செம்மலை கூலியில்லாமல் இரட்டைக் கதவு செய்து, கொடியும் கிளியும் செதுக்கினான்.

"வேப்பம்பலகை போதாதாக்கும்?" என்றாள் முத்தழகு.

"நம்ம பங்கைப் பாத்து ஒருத்தன் சிரிக்கப்படாது."

சுவர் எழும்பியது. கதவை மாட்டி மாலை போட்டார்கள். ஊர் பின்தங்கியதுதானா என்று பார்த்து எழுத, ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். குடிசைகள் பக்கம் அவர் போகவில்லை. கதவைத் தடவிப் பார்த்தார்.

"யார் குடுத்தது?"

"எங்க பங்குங்கய்யா," என்று நெஞ்சை நிமிர்த்தினார் ஊராட்சித் தலைவர் சிவசங்கரன்.

"இப்படிக் கதவு போடுற ஊரையா பின்தங்கின ஊருன்னு எழுதச் சொல்றீங்க?"

சிவசங்கரன் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

கூரை வேறு ஊருக்குப் போயிற்று. டெல்லி தராமல் நாங்கள் என்ன செய்ய என்றது சென்னை. சென்னைக்குத் தரவேண்டியதைத் தந்தாயிற்று என்றது டெல்லி. நடையாய் நடந்த சிவசங்கரனிடம் யூனியன் குமாஸ்தா சொன்னார்: "கதவு போட்டீகள்ல, கூரையும் நீங்களே போட்டுக்கிருங்க."

ஐப்பசியில் முத்தழகுக்கு வலி கண்டது. கண்மாய்த் தண்ணீர் தடத்தில் ஏறி நின்றதால் வண்டி இறங்காது. செம்மலை ஓடிப்போய் விடுதியின் இரட்டைக் கதவில் ஒன்றைக் கழற்றி வந்தான். அவளை அதில் கிடத்தி நாலு பேர் தூக்கினார்கள்.

"மெதுவாப் போங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்க கிளி முதுகுல குத்துது."

காரைக்குடிச் சாலையை எட்டுமுன் பெண் பிறந்தது. அழவில்லை.

மூன்றாம் நாள் யூனியன் பியூன் வந்தார். "சர்க்கார் கட்டடத்துல ஊர்ப் பங்கு ஒரு கதவு குறையுதாம், ஆசாரி. உடனே மாட்டணுமாம்."

செம்மலை ரத்தம் காய்ந்திருந்த கதவை முற்றத்தில் சாய்த்துத் தண்ணீர் மொண்டான். முத்தழகு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கழுவாதீக," என்றாள். "அப்படியே மாட்டுங்க. அடுத்து வாரவுகளும் தடவிப் பாக்கட்டும்."