ஒன்பதாவது பாட்டு

எனக்குக் குப்பை ஆகாது. அது குணமா கோளாறா என்று என் வீட்டுக்காரர் ராஜபாண்டி இன்னும் முடிவு செய்யவில்லை. செம்பூர் ஆபீசில் எனக்கு வேலையே அதுதான். ஒரே ஆளின் பெயர் கம்ப்யூட்டரில் நாலு விதமாக, விலாசம் ஏழு விதமாக ஏறிக் கிடக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழிக்க வேண்டும். பகலெல்லாம் ஊரார் குப்பையைப் பெருக்கிவிட்டுத் தாராவிக்கு வந்தால், எங்கள் குப்பை மேஜைமேல் உட்கார்ந்திருக்கும். அதுதான் எங்கள் ரேடியோ செட் கடையின் ஹார்ட் டிஸ்க்.

கலியாணம், சடங்கு, நிக்காஹ், கோயில் கொடை, இழவு வீடு என்று எங்கள் சனத்துக்கு எது நடந்தாலும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது எங்கள் செட். மாமனார் தொடங்கிய கடை. மேஜையில் உட்கார்ந்து பாட்டுப் போடுகிறவர் அபுதாஹிர் பாய். மேலப்பாளையத்துக்காரர். ஐம்பது தாண்டிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

பாய் சேர்த்த பாட்டுகள் ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். ஒன்றுக்காவது பெயர் உண்டா என்றால் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் நம்பர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரே பாட்டு அஞ்சு இடத்தில் கிடந்தது. அந்த அஞ்சையும் பார்க்கும்போது எனக்குக் கை அரித்தது. போதாததற்கு நாலு பென் டிரைவ், ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூல். சிவப்பு கலியாணத்துக்கு, பச்சை நிக்காஹுக்கு, மஞ்சள் கொடைக்கு. கறுப்பு இழவு வீட்டுக்கு. கறுப்பு நூலை மட்டும் பாய் தனிப் பையில் வைத்திருப்பார். கலியாண வீட்டுக்குள் கொண்டுவரவே மாட்டார்.

அப்போதுதான் ஒரு சாஃப்ட்வேர் கிடைத்தது. இலவசம்தான். பாட்டைக் கொடுத்தால் அதுவே கேட்டுப் பார்த்து, இன்ன படம், இன்ன வருஷம், பாடியது இன்னார் என்று எழுதிவிடும். இரட்டைகளைக் கண்டுபிடித்து அழித்துவிடும். படவாரியாகப் பிரித்து அகர வரிசையில் அடுக்கியும் கொடுக்கும். நான் விழுந்துவிட்டேன்.

"பாய், உங்க பாட்டையெல்லாம் ஒழுங்கு பண்ணித் தாரேன்" என்றேன்.

அவர் ஹார்ட் டிஸ்க்கை ஒருதடவை தொட்டுப் பார்த்தார். "செய்ங்க யம்மா. நம்பர்ல மட்டும் கை வைக்காம செய்ய முடியுமா?"

"நம்பர் எதுக்கு? பேரே இருக்கப் போவுதே."

"சரி, யம்மா" என்று வயரைச் சுருட்டப் போய்விட்டார். அந்தச் 'சரி'யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு எது வசதியோ அதுதானே என் காதில் விழும்.

எட்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். மூவாயிரத்து நூறு இரட்டைகளை அழித்தேன். நாலு பென் டிரைவையும் ஒரே டிஸ்க்கில் கொட்டினேன். சாஃப்ட்வேர் எல்லாப் பெயரையும் இங்கிலீஷில் எழுதியது. பாய்க்கு இங்கிலீஷ் வராது, பாவம் என்று, பெயரை எல்லாம் தமிழ் எழுத்துக்கு மாற்றினேன். தவறு வந்த இடத்தில் கையால் திருத்தினேன். தாராவியில் தமிழ் மீடியத்தில் படித்து, கட்டுரைப் போட்டியில் முதல் பரிசாக எவர்சில்வர் டம்ளர் வாங்கியவள் நான். ஒரு ஒற்று விடவில்லை. எந்தப் படத்திலும் சேராத துண்டு துணுக்குகளைச் சாஃப்ட்வேர் 'மற்றவை' என்று ஒரே போல்டரில் போட்டது. போட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

ராஜபாண்டிக்கு அதைப் பார்த்ததும் வேறு யோசனை வந்தது. தேவ்நாரிலிருந்து சாய்நாத் என்று ஒருத்தனைப் பிடித்து வந்திருந்தார். தமிழன்தான், ஹிந்தி மீடியத்தில் படித்தவன். லைட்டும் டிஜே மேஜையும் தெரியும். "கோயில் கொடை நடத்துத பிரம்மநாயகம் அண்ணாச்சி மவ கலியாணம் வருதுல்லா? அதுல பாய் இந்தப் புது ஏற்பாட்டுல ஒழுங்கா போட்டாருன்னா அவரே உக்காரட்டும். தடுமாறுனாருன்னா மேசைய சாய்நாத்துட்ட குடுத்துருவோம். பாய் வயர் இழுக்கட்டும்."

இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர் கடைசியில் வயர் இழுப்பதா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. "அதுவும் சரிதான்" என்றேன். புதுசைப் படிக்க மாட்டேன் என்கிறவரை என்ன செய்ய முடியும்?

பாய்க்காக எல்லாப் போல்டரையும் பட்டியலாக அச்சடித்துக் கொடுத்தேன், பெரிய எழுத்தில். வாங்கிப் பார்த்தார். "கண்ணாடிய வீட்டுல வச்சுட்டேன் யம்மா. போய்ப் பாத்துக்கிடுதேன்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அந்தக் கண்ணாடி எப்போதும் வீட்டில்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் நான் எது எழுதினாலும் பதில் குரலாகத்தான் வரும். எழுதச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

கலியாணம் செம்பூரில் ஒரு மண்டபத்தில். அன்று காலை புறப்படுமுன் எனக்கு ஒரு சுறுசுறுப்பு. பெண் வீட்டார் அனுப்பிய இரண்டு துண்டுப் பாட்டுகள் பாக்கி இருந்தன. அவற்றுக்கும் பெயர் கொடுத்து 'மற்றவை'யில் சேர்த்துவிட்டுத்தான் பட்டுச் சேலையையே எடுத்தேன். அவை அகர வரிசையில் தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. அழகாக இருந்தது.

பாய் பிரமாதமாகப் போட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும். விநாயகர் பாட்டு, மாப்பிள்ளை வரவு, சீர்த் தட்டு வரிசை, எதுவும் பிசகவில்லை. கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. விரல் திரையில் மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டே போகும். நின்ற இடத்தில் தட்டுவார். முதலில் ஒரு காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் மட்டும் கேட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சத்தத்தை ஏற்றி மண்டபத்துக்கு விடுவார். அது அவர் பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பெருமை. என் சாஃப்ட்வேர் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

இங்கே நாதஸ்வரக்காரர்களை வைப்பதெல்லாம் குறைந்துபோயிற்று. கெட்டிமேளமும் செட்டிலிருந்துதான். ஐயர் கையைத் தூக்கினார். மாப்பிள்ளை தாலியை எடுத்தான். பாயின் விரல் 'மற்றவை'யில் எண்ணி இறங்கி, ஒன்பதில் நின்று, தட்டியது.

அவர் முகம் வெளுத்தது. சத்தத்தை ஏற்றப் போன கை அப்படியே நின்றது. ஹெட்போனைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். காதில் வைத்தேன். ஒப்பாரி. 'என்னைப் பெத்த ராசாவே' என்று ஒரு கிழவி மாரடித்து அழுதுகொண்டிருந்தாள். கறுப்பு நூல் பென் டிரைவில் இருந்தது. நான்தான் கொட்டியிருந்தேன்.

"ஒம்பதாவதுலதான இருந்துச்சு" என்றார் பாய். "சாதியா மூணு தடவ வாசிச்சுக் காட்டுனாளே. ஒம்பது."

சாதியா அவர் மகள், பத்தாவது படிக்கிறவள்.

"ஒன்பதாவது என்ன பாய், பேரு எழுதியிருக்குல்லா! கெட்டிமேளம்னு. ரெண்டு வரி கீழ. பாருங்க!"

பார்த்தார். "கண்ணாடிய..." என்று ஆரம்பித்தார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனுஷனுக்கு எழுத்தே தெரியாது. அந்த நம்பர் ஒவ்வொன்றும் ஒரு பாட்டு. ஒரே பாட்டு அஞ்சு இடத்தில் கிடந்தது, அஞ்சு விசேஷத்தின் வரிசையிலும் அதற்கு ஒவ்வொரு இடம் இருந்ததால். எல்லாவற்றையும் நான் பெருக்கித் தள்ளியிருக்கிறேன். அதற்குப் பிறகும், மகளை வாசிக்கச் சொல்லி என் பட்டியல் முழுவதையும் எண்ணி எண்ணி மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார். நானோ காலையில் நடுவில் இரண்டைச் சொருகி எல்லாவற்றையும் இரண்டு இடம் தள்ளி வைத்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்தவள் நான்தான். வெட்கமாக இருந்தது. அந்த நிமிஷம் மேஜைக்கடியில் போய்விடலாம் போல இருந்தது.

மண்டபம் அமைதியாகிவிட்டது. தாலி கழுத்துப் பக்கம் போய்விட்டது. பிரம்மநாயகம் அண்ணாச்சி தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். கதவருகே ராஜபாண்டி, பக்கத்தில் சாய்நாத். சாய்நாத் மேஜையை நோக்கி ஒரு எட்டு எடுத்து வைத்தான்.

மைக் என் முன்னால் இருந்தது. எடுத்தேன். குலவை போட்டேன்.

அதற்குமுன் நான் குலவை போட்டதே இல்லை. கொடையில் மற்ற பொம்பளைகள் போடும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பேன், படித்தவளாம். நாக்கு சுற்றவில்லை. முதல் குலவை கோழி கத்துவதுபோல வந்தது. ஆனால் குலவைச் சத்தம் கேட்டால் எங்கள் ஊர்ப் பொம்பளைகள் சும்மா இருக்க மாட்டார்கள். முதல் வரிசையிலிருந்து ஒருத்தி எடுத்தாள். பின்னால் இருபது பேர். அப்புறம் மண்டபமே. அந்தச் சத்தத்துக்குள் தாலி ஏறியது. மூன்றாவது முடிச்சுக்கு நான் பாயின் விரலைப் பிடித்து இரண்டு வரி கீழே வைத்தேன். கெட்டிமேளம் கிளம்பியது.

பந்தி முடிந்து பிரம்மநாயகம் அண்ணாச்சி மேஜைக்கே வந்துவிட்டார். "ஏ பாய், நல்ல வேல பாத்தீரு. செட்ட நிப்பாட்டிப் பொம்பளையள கொலவ போட வுட்டீரு பாரும்! என் வீட்டுக்காரி அழுதுட்டா. கொடைக்கும் நீருதான் மேசையில இருக்கணும்." பாய் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போனேன். அழித்த இரட்டைகளைச் சாஃப்ட்வேர் ஒரு ஓரத்தில் போட்டு வைத்திருந்தது, நல்ல வேளை. ஆனால் எது எந்த இடம் என்பது எதிலும் இல்லை.

"பாய், வரிசைய சொல்லுங்க" என்றேன்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

சொன்னார். கலியாணம், முதல் போல்டர், ஒன்று இன்னது, இரண்டு இன்னது. பெயர் தெரியாததை ஒரு வரி பாடிக் காட்டினார். இடையில் டீ குடித்தோம். அப்படியே நாலு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. சடங்கு, நிக்காஹ், கொடை. ஒரு இடத்தில்கூட நின்று யோசிக்கவில்லை. ஆயிரக்கணக்கான பாட்டு ஒரு மனுஷன் தலையில் இருந்தது. நான் நம்பர் போட்டுக்கொண்டே போனேன். இழவு வீட்டுப் பாட்டை மறுபடி தனி டிரைவில் போட்டு, கறுப்பு நூலைக் கட்டிக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "ராஜபாண்டி தம்பிட்ட சொல்லிராதீங்க யம்மா" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

நாலாவது ஞாயிறு சாயங்காலம் ராஜபாண்டியும் சாய்நாத்தும் வந்தார்கள். சாய்நாத் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அண்ணி என்பதை அவன் ஹிந்தியில் பாபி என்பான். "க்யா பாபி, பேரெல்லாம் எங்க? மறுபடி நம்பரா? எனக்குத் தமிழ் படிக்க வராது, நம்பர்னா டீக், சரி. பாய்க்கு என்னாச்சு? அவருக்கும் படிக்கத் தெரியாதா?"

பாய் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"எனக்குத்தான் படிக்க வராது" என்றேன். "தமிழ்ல எழுதுனா எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. அதான் நம்பரா மாத்திட்டேன்."

ராஜபாண்டி என்னைப் பார்த்தார். அந்த எவர்சில்வர் டம்ளரில்தான் தினமும் காபி குடிக்கிறார். அதில் பெயர் வெட்டியிருக்கிறது, கட்டுரைப் போட்டி, முதல் பரிசு என்று. அப்புறம் பாயைப் பார்த்தார். பாய் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமாடே" என்றார் ராஜபாண்டி சாய்நாத்திடம். "இவளுக்கு ஆனா ஆவன்னாகூட வராது. நீ லைட்டப் பாரு. மேச பாயோடது."