யார் முதலில் கை தூக்குவது

எனக்கு மோட்டார் சைக்கிள் கிடைத்தது தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதத்தில். ஒன்பது வருடம் சைக்கிள் மிதித்துப் பிள்ளைப்பேறு பார்த்த கனகமணி என்ற இந்த மருத்துவிச்சிமேல் சுகாதார இலாகா ஒருவழியாக இரக்கப்பட்டு, யாரோ ஓடிக் களைத்த சிவப்பு ஹொண்டா பிப்டி ஒன்றைத் தந்தது. உப்புவெளியிலிருந்து பாலம் தாண்டிச் சல்லி வரை என் பகுதி. அந்தத் தெருவில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஒரே பெண் நான்தான். முதல் நாள் வெள்ளைச் சேலையைச் செருகிக்கொண்டு நான் ஏறி உதைத்தபோது ஒழுங்கையே வாசலுக்கு வந்து நின்றது. விழுவேன் என்று பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். நான் விழவில்லை.

அந்தத் தெருவுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவரைக் கண்டால் இடது கையைக் கைபிடியிலிருந்து கொஞ்சம் தூக்க வேண்டும். இரண்டு விரல் மேலே நின்றால் பாலத்துச் சென்றி, அதாவது ஆமிச் சோதனைச் சாவடி, திறந்திருக்கிறது, ஆமிக்காரர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விடுகிறார்கள் என்று பொருள். உள்ளங்கையைக் கீழே அமத்திக் காட்டினால் சென்றி பூட்டு. இரண்டு பேருக்கும் வேலிச் சண்டை இருக்கலாம், கோயில் சண்டை இருக்கலாம், கை தூக்காமல் போகக் கூடாது. நின்று வாயால் கேட்கவும் வழியில்லை. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எந்தப் பற்றைக்குள் இருந்தாவது ஒரு ஆமிக்காரன் எழும்பி வந்து என்ன கதை என்று விசாரிப்பான்.

இந்தக் கையசைவு எவ்வளவு பெரிய விஷயம் என்பது பாலத்துக்கு முந்திய வளைவைத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். வளைவைத் தாண்டிவிட்டால் சென்றிக்காரர் கண்ணில் பட்டுவிடுவோம். பட்ட பிறகு திரும்ப முடியாது. திரும்புகிறவன் எதையோ ஒளிக்கிறான் என்று துவக்கைத் தூக்குவார்கள். திறக்கும் வரை வெயிலில் வரிசையில் காய வேண்டியதுதான். வளைவுக்கு முன்பே தெரிந்தால், பக்கத்து ஒழுங்கையால் களப்புக் கரைக்கு இறங்கி, தோணியில் பத்து நிமிஷத்தில் சல்லிக்குப் போய்விடலாம்.

எல்லோரும் எல்லோருக்கும் கை தூக்கினார்கள். எனக்கு மட்டும் யாரும் தூக்கவில்லை.

மீன் வியாபாரி வீரக்குட்டி என்னைக் கண்டதும் பின்னால் கட்டியிருக்கிற மீன் பெட்டி விழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்ப்பார். பிடவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஊரூராகப் போகும் அபூதாஹிர் நானா, வானத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல அண்ணாந்துகொள்வார். கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜர் யோகலிங்கம் மட்டும் நேராகப் பார்ப்பார். அவருடைய முகத்தில் ஒரு கோபம் இருக்கும். கை மட்டும் கைபிடியில் ஒட்டிப்போய் இருக்கும்.

பொம்பிளை பைக் ஓடுகிறாள் என்ற எரிச்சல் என்றுதான் நினைத்தேன். நினைத்து நினைத்து எனக்கும் எரிச்சல் ஏறியது. ஒன்பது வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளைத் தொப்புள்கொடி வெட்டி எடுத்தவள், ஊர் மிஸி என்று கூப்பிடுகிறவள் நான். சைக்கிளில் போன காலத்தில் எத்தனை புருஷன்மார் ஒழுங்கை முகப்பில் காத்து நின்று என்னைக் கண்டு கை தூக்கியிருக்கிறார்கள். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள், வெட்கம். கை தூக்கினால் அந்த வீட்டில் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று நான் விளங்கிக்கொண்டு பின்னேரம் போய்ப் பெயர் பதிவேன். அந்த மரியாதையெல்லாம் சைக்கிளோடு போய்விட்டதா என்று வந்தது எனக்கு.

சித்திரை மாதம் ஒரு காலை, சல்லியில் தங்கமுத்துவுக்குப் பிரசவ நோ கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. தலைப்பிள்ளை. பையைத் தூக்கிக்கொண்டு பறந்தேன். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே வந்தார் வீரக்குட்டி. வழக்கம்போலத் திரும்பி மீன் பெட்டியைப் பார்த்தார். நானும் வழக்கம்போல முகத்தைச் சுழித்துக்கொண்டு வளைவைத் தாண்டினேன்.

சென்றி பூட்டு. எனக்கு முன்னால் நாற்பது சைக்கிள், இரண்டு லொறி. பிள்ளைப்பேறு என்று தமிழிலும் சொன்னேன், தெரிந்த சிங்களத்திலும் சொன்னேன், வயிற்றைத் தடவிக் கையாலும் காட்டினேன். அந்தச் சின்ன ஆமிக்காரன் நான்தான் பிள்ளைத்தாய்ச்சி என்று விளங்கிக்கொண்டு குந்துவதற்கு ஒரு மண்மூட்டையைக் காட்டினான். இரண்டரை மணித்தியாலம் அந்த மூட்டையில் குந்தியிருந்தேன்.

நான் போய்ச் சேரும்போது பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை எடுத்துக் குளிப்பாட்டி முடித்திருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். தங்கமுத்து களைப்போடு சிரித்துக்கொண்டு, "மிஸி, ஆறுதலா வந்திருக்கலாமே," என்றாள். பகிடிதான். ஆனால் பிள்ளை குறுக்கே கிடந்திருந்தால்? இரத்தம் நிற்காமல் போயிருந்தால்? ஒரு உள்ளங்கையைக் கீழே காட்ட ஒரு மனிதனுக்கு என்ன நட்டம்?

அடுத்த நாள் நேராகச் சங்கக் கடைக்குப் போனேன். நிவாரண அரிசிக்கு ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் கதிரையில் யோகலிங்கம். அவர்தான் அந்தத் தெருவில் ஓடுகிறவர்களில் மூத்தவர். தெருவில் இவர் ஒன்று சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்.

"மனேஜர்," என்றேன், கடைக்கூரை கேட்கும்படி, "நீங்கள் ஏன் என்னைக் கண்டால் கை தூக்கிறேல்ல?"

அரிசி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸி, மெல்லக் கதையுங்கோ," என்றார் யோகலிங்கம். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஏன் மெல்ல? ஊருக்கெல்லாம் தூக்கிறீங்கள். எனக்குத் தூக்கினால் குறைஞ்சு போவீங்களோ?"

"அது வந்து... என்ர வயதில... ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"ஆக்கள் நினைக்கிறதை விடுங்கோ. நேற்று ஒரு தாயும் பிள்ளையும் செத்திருக்கும், தெரியுமோ? உங்கட ஆக்களில ஒருத்தர் கையைக் காட்டியிருந்தால் நான் தோணியில போயிருப்பன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சரி மிஸி. தூக்கிறன்," என்றார். ஏதோ கழுத்தை நீட்டச் சம்மதித்தவர் மாதிரி சொன்னார். வரிசையின் கடைசியில் யாரோ இருமினார்கள். நான் வென்றுவிட்டேன் என்ற எண்ணத்தில் நிமிர்ந்து வெளியே வந்தேன்.

சொன்ன சொல் தவறாத மனிதர். அடுத்த நாள் காலை உப்புவெளிச் சந்தியில், தேத்தண்ணிக் கடை வாங்கு நிறைய ஆட்கள் இருக்க, எதிரே வந்தார். கண்ணை இறுக்கிக்கொண்டு இடது கையைத் தூக்கினார். இரண்டு விரல். சென்றி திறந்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். தலையை மட்டும் ஒரு அசைப்பு அசைத்துவிட்டுப் போனேன்.

மூன்றாம் நாள் கிளினிக்கில் நான் பிள்ளைகளை நிறுத்துக்கொண்டிருந்தபோது யோகலிங்கத்தின் மனிசி கமலாதேவி வந்தா. நாற்பத்தொரு வயது. மகன் ஏ.எல். சோதனைக்குப் படிக்கிறான். வந்தவ கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தா.

"சொல்லுங்கோ மிஸி. எனக்கு எத்தனை மாசம்?"

"என்ன?"

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியேல்ல. பாண் வாங்கப் போனனான், ஒருத்தி மாங்காய் தாறாள். கிணத்தடியில வாளியைத் தொட விடினமில்ல. கோயில் ஐயர் பிரசாதம் ரெண்டு பங்கு தாறார். மகன் பள்ளிக்கூடம் போக ஏலாதெண்டு படுத்திருக்கிறான். நீங்கள் சங்கக் கடையில வச்சு, ஐம்பது பேருக்கு முன்னால, கை தூக்கச் சொன்னீங்களாம். அவரும் சந்தியில வச்சுத் தூக்கினவராம். இனி ஊர் என்ன கதைக்கும்?"

எனக்கு அப்போதுதான் தலையில் அடித்தது. மிஸியைக் கண்டு ஒரு ஆம்பிளை கை தூக்கினால் அவன் வீட்டில் விசேஷம். ஒன்பது வருடமாக அந்தக் கையை நம்பித்தானே நான் பெயர் பதிந்தேன்! வீரக்குட்டிக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை, தாய் பெண் பார்த்துக்கொண்டு திரிகிறா. எனக்குக் கை தூக்கியிருந்தால் அன்றே அந்தப் பேச்செல்லாம் குழம்பியிருக்கும். அபூதாஹிர் நானாவுக்குப் பேரப்பிள்ளைகள் ஏழு. பாவங்கள் வானத்தைப் பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பார்கள்? இவ்வளவும் தெரிந்த ஒருத்தி நான்தான். யோசிக்காத ஒருத்தியும் நான்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கமலாதேவி முறைத்துக்கொண்டு இருந்தா. பிறகு அவவின் வாயும் கோணியது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தராசில் கிடந்த பிள்ளை வீரிட்டு அழுதது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் என்ன செய்யிறது கமலாக்கா? எனக்கு அந்தக் கை வேணும். சும்மா மரியாதைக்கு இல்ல. சென்றி பூட்டெண்டு தெரியாமல் போய் மாட்டுப்பட்டால் இனி ஒரு உயிர் போகும்," என்றேன்.

"நீங்கள் எப்பவாவது அவருக்குக் கை தூக்கினீங்களோ?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. சைக்கிளில் ஒன்பது வருடமும் மற்றவர்கள்தான் எனக்குத் தூக்கினார்கள். அதே பழக்கத்தில் பைக்கிலும் ஏறி உட்கார்ந்து, வருகிற மரியாதையை வாங்கக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வீட்டில ஒரே இந்தக் கதைதான்," என்றா கமலாதேவி. "ரோட்டுக்குப் புதுசா வாறவர்தான் முதல் தூக்க வேணுமாம். அதுதான் முறையாம். அந்த மிஸி ராணி மாதிரிப் போறா, ஒரு விரல் அசைக்கிறாவில்ல எண்டு சாப்பிடேக்கையும் புறுபுறுப்பார். நீங்கள் முதல் தூக்குங்கோ மிஸி. நீங்கள் தூக்கி, அவையள் தூக்கினால் அது பதில். பதிலுக்குத் தூக்கிறவன்ர வீட்டில பிள்ளை எண்டு எவள் சொல்லுவாள்?"

இவ்வளவு எளிதான விஷயத்துக்கா நான் ஐம்பது பேருக்கு முன்னால் கத்தினேன் என்று வெட்கமாக இருந்தது. அவ எழும்பிப் போகும்போது, "அந்த மாங்காயை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"சம்பல் போட்டனான்," என்றா.

அன்று பின்னேரமே வீட்டு முற்றத்தில் ஒற்றைக் கையால் ஓடிப் பழகினேன். இரண்டு தரம் பூவரச வேலிக்குள் போனேன். மறுநாள் தெருவில் முதலில் எதிர்ப்பட்டது வீரக்குட்டி. அவர் பெட்டியைத் திரும்பிப் பார்க்க முதல் நான் கையைத் தூக்கிவிட்டேன். மனிதர் திகைத்துப் போய் பிறேக் பிடித்தார். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு இரண்டு விரலைத் தூக்கினார். இரண்டு விரல் போதாதென்று தோன்றியதோ என்னவோ, ஐந்தையும் விரித்துக் காட்டினார். ஒரு கிழமைக்குள் தெரு முழுவதும் எனக்குப் பதில் வந்தது. ஊரும் விளங்கிக்கொண்டது. மிஸி முதல் தூக்கினால் அது பைக் ஓடுகிறவர்களின் கணக்கு, ஆம்பிளை முதல் தூக்கினால் அது வீட்டுக் கணக்கு.

வைகாசிக் கடைசியில் சல்லியில் ஒரு இரட்டைப் பிள்ளைப்பேறு வந்தது. முதல் பிள்ளை கால் பக்கமாக வந்துகொண்டிருந்தது. வளைவுக்கு முன்னால் அபூதாஹிர் நானா வந்தார். நான் கை தூக்கினேன். அவர் பிடவைப் பொட்டலம் ஆட ஆட, உள்ளங்கையைக் கீழே காட்டி ஒரு தரமில்லை, மூன்று தரம் அமத்தினார். பூட்டு. நான் ஒழுங்கைக்குள் திருப்பி, பைக்கைத் தாழை மரத்தடியில் போட்டுவிட்டுத் தோணியில் பாய்ந்தேன். இரண்டு பிள்ளைகளும் என் கையில்தான் விழுந்தன. இரண்டாவது கொஞ்ச நேரம் அழவில்லை. காலைப் பிடித்துத் தட்டி அழவைத்த பிறகு, நான் கிணற்றடியில் தனியாக நின்று அழுதேன். நானாவின் கை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இல்லை. மறுநாள் அவருக்கு நான் தூக்கிய கை கொஞ்சம் அதிகமாகத்தான் உயர்ந்தது.

புரட்டாதி வந்தது. அந்த மாதம் ஊர் சரியில்லை. ஆமியின் சுற்றிவளைப்பு இரண்டு தரம் நடந்தது, கடற்தொழிலுக்குத் தடை போட்டார்கள், சந்தியில் யாரும் உரத்துக் கதைப்பதில்லை. தேத்தண்ணிக் கடை வாங்கில் மட்டும் வேலையில்லாத ஆட்கள் நிறைந்திருந்தார்கள்.

ஒரு காலை அந்தச் சந்தியால் போகிறேன். எதிரே யோகலிங்கம் வருகிறார். நான் வழக்கம்போல இடது கையை எடுக்கப் போனேன்.

அவர் முந்திவிட்டார்.

இரண்டு விரல் இல்லை, உள்ளங்கை அமத்தலும் இல்லை. கையை முழுதாகத் தலைக்கு மேலே தூக்கினார். கண்ணை மூடவில்லை. வாங்கில் இருந்த அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். கை கீழே வரவில்லை. கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணி தரையில் கொட்டியது. வாங்கில் ஒருவர் கைதட்டத் தொடங்கினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பல நாளைக்குப் பிறகு அந்தச் சந்தியில் கேட்ட பெரிய சத்தம் அது.

முறைப்படி நானும் கையைத் தூக்கிப் பதில் கொடுத்தேன்.

பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். யோகலிங்கம் என்னைக் கண்டதும் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் ஓடிவிட்டார். கமலாதேவி அன்று கிளினிக்கில் இழுத்தது போலவே ஒரு கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தா. முகம் சிவந்திருந்தது.

"இப்ப சொல்லுங்கோ மிஸி," என்றா. "எனக்கு எத்தனை மாசம்?"