விரலால் அழுத்தியதும்

‘பயனர் தன் விரலால் பொத்தானை அழுத்தியதும்’ என்ற ஐந்து சொற்களைப் பதினோரு வருடத்துக்கு முன்பு அந்தக் காப்புரிமையில் நுழைத்தவன் நான். இன்று காலை நீதிபதி அவற்றை மூன்று முறை வாசித்தார். என் எழுத்தை இவ்வளவு கவனமாக வாசித்த ஒரே ஆள் அவர்தான்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், தொலைபேசி பழுதுபார்ப்பவர். பேச்சு நடுவில் அறுந்தால் தானாகவே இரண்டு பக்கத்தையும் மறுபடி சேர்த்துவைக்கும் ஒரு பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்தே நான்கு வருடம் செய்தார். சோதித்துப் பார்க்க அதில் ஒரு பொத்தானும் இருந்தது. வீட்டிலேயே காப்புரிமை முகவராக நான் ஒருவன் இருந்ததால் அவர் வெளியே ஆள் தேடவில்லை, விதி. கண்டுபிடிப்பின் எல்லையை நான் எழுதி அனுப்ப, ‘மிக அகலம், பழைய கருவிகளும் இதற்குள் வருகின்றன’ என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் திருப்பிவிட்டார். வேலியைக் கொஞ்சம் உள்ளே போட்டால் பட்டா கிடைத்துவிடும் என்பது எங்கள் தொழிலின் வழக்கம். போட்டேன். அந்த ஐந்து சொற்கள்தான் அந்த வேலி. அத்தானைக் கேட்கவில்லை.

இப்போது ஒரு பெரிய நிறுவனத்தின் தொலைபேசிகள் அறுந்த பேச்சைத் தாமாகவே சேர்க்கின்றன. அதற்காக அத்தான் வழக்குப் போட்டார். ஆனால் அவற்றில் யாரும் எதையும் அழுத்துவதில்லை. உரிமை வாங்குவதற்காக விட்டுக்கொடுத்ததை வழக்கில் திரும்பக் கேட்க முடியாது என்று நீதிபதி பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

நீதிமன்ற நடைவழிப் பெஞ்சில் அத்தான் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். நான் எதிரே நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி எல்லாமே மரத்துக் கிடந்தது.

“அத்தான், நான் சேர்த்த வரியாலதானே தோத்தோம்?”

“காப்பி ஆறிடுச்சு மாப்ள.”

“சொல்லுங்க அத்தான்.”

“உங்கக்கா போன் பண்ணாளா?”

“பண்ணினா. நான் எடுக்கல.”

“நல்ல ஆளுய்யா. அறுந்த போனைச் சேக்கிற வழக்குக்கு வந்துட்டு, வந்த போனை எடுக்கலயாம்.”

இருவரும் சிரித்தோம். பக்கத்து அறையில் யாரோ சிரிப்பது போலக் கேட்டது.

“அன்னிக்கு உங்களக் கேட்டிருந்தா?”

அவர் கோப்பையைத் தரையில் வைத்தார்.

“வேணாம்னு சொல்லியிருப்பேன். அழுத்தாமலே சேரணும், அதுக்குத்தான் நாலு வருஷம். நீ காட்டின இடத்துலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். உன்னாலதான் தோத்தோம், மாப்ள” என்றார் அத்தான். பிறகு பெஞ்சில் நகர்ந்து, நான் உட்கார இடம் விட்டார்.