நாக்பூர் ட்ரிப்

வாலாஜாபாத் ஸ்டேஷனில் கார் ஏற்றுவதற்கென்றே தனியாக ஒரு தண்டவாளம் போட்டார்கள். முதலில் வாரத்துக்கு ஒரு ரயில் வந்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசியில் தினமும். ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் செய்த கார்களெல்லாம் இரண்டு அடுக்காக அதில் ஏறி வடக்கே போயின. டீசல் மிச்சம், புகை குறைவு, ரோட்டில் நெரிசலும் இருக்காது என்றார்கள். அத்தனையும் உண்மை. ரயில்வேக்காரர்களைக் குறை சொல்ல யாராலும் முடியாது. பலராமனாலும் முடியவில்லை. அவன் கஷ்டமே அதுதான்.

பலராமன் அந்தக் கார்களை டிரெய்லர் லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கியவன். நாக்பூர், டெல்லி, கௌஹாத்தி என்று கிளம்பினால் திரும்பி வர வாரக்கணக்காகும். வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் வாரணவாசியில் இருக்கும் சொந்த வீட்டுக்கு அவன் விருந்தாளி மாதிரிதான் வந்து போவான். ரயில் தினமும் வர ஆரம்பித்ததும் அவனுடைய ஓனர் ரகுபதி, டிரெய்லர்களை ஒவ்வொன்றாக விற்றுவிட்டார். நல்ல மனுஷன், டிரைவர்களை அம்போ என்று விட்டுவிடவில்லை. அதே ஸ்டேஷனில் கார்களை ரயிலில் ஏற்றும் வேலைக்குப் பலராமனைச் சேர்த்துவிட்டார். யார்டில் நிற்கும் புதுக் காரை எடுத்து, சாய்தளத்தில் ஏற்றி, பெட்டிக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். உள்ளே கார் கதவு பாதிதான் திறக்கும். வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்து, குனிந்தபடியே நடந்து இறங்கி, அடுத்த காரை எடுக்க வேண்டும். பாதி தேசத்தைச் சக்கரத்தில் அளந்தவன் இப்போது நாளெல்லாம் ஓட்டினாலும் ஸ்டேஷன் காம்பவுண்டைத் தாண்டுவதில்லை.

அதற்காக அவன் அழுதுகொண்டு சேர்ந்தான் என்று நினைத்துவிட வேண்டாம். சந்தோஷமாகத்தான் சேர்ந்தான். எல்லாம் மகள் சசிரேகாவுக்காக.

பிளஸ் ஒன் படிக்கும் பெண். அவன் ரோட்டில் இருந்த காலத்தில், சாயங்காலமானால் ஏதாவது ஒரு தாபாவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவளுக்குப் போன் போடுவான். அவள் கொட்டித் தீர்ப்பாள். கெமிஸ்ட்ரியில் ஃபெயிலானது, அதை அம்மாவிடம் மறைத்தது, பஸ்ஸில் லோகேஷ் என்று ஒரு பையன் தினமும் தனக்கு இடம் பிடித்து வைப்பது, எல்லாவற்றையும் சொல்லுவாள். லோகேஷ் கதையைக் கேட்டு நாக்பூரில் பலராமன் வாய்விட்டுச் சிரித்தான். போனிலேயே இவ்வளவு என்றால், ஒரே கூரையின் கீழ் இருந்தால் இன்னும் எவ்வளவு பேசுவாள் என்று கணக்குப் போட்டான். பாவம், அவன் போட்ட கணக்குகளிலேயே அதுதான் படுதப்பு.

போனில் அவனுக்குக் காது மட்டும்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தபோது கண்ணும் கூடவே வந்துவிட்டது. துப்பட்டா ஏன் போடவில்லை, இவ்வளவு நேரம் போனில் என்ன, ஐந்தரை பஸ்ஸுக்கு ஏன் ஆறு மணிக்கு வருகிறாய் என்று ஆரம்பித்தான். அம்மாவும் மகளும் ஒரே கட்டிலில் படுத்துக் கதை பேசித் தூங்கிப் பழகியவர்கள். இப்போது டிவி சத்தத்தைக்கூட அவன் முகத்தைப் பார்த்துத்தான் வைத்தார்கள். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றான். சசிரேகா அந்த லோகேஷோடு சிரித்துக்கொண்டே இறங்கினாள். நாக்பூரில் சிரித்த அதே மனுஷன், நாலு பேர் பார்க்க அவளைத் திட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். சண்டை போடவில்லை. கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில், அவ்வளவுதான். வீட்டுக்குள் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று பலராமனுக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் தெரியவில்லை. பெற்ற மகளை இழந்துவிட்டோம் என்ற பயம் அவனைத் தின்றது.

அப்போதுதான் அந்தக் கூறுகெட்ட யோசனை வந்தது. அவசரமாக நாலு காரை நாக்பூரில் இறக்க வேண்டுமாம், ரயிலில் இடமில்லையாம், ரகுபதி வேறொருவர் டிரெய்லரை எடுத்து அவனைப் போகச் சொல்கிறாராம் என்று வீட்டில் ஒரு புளுகு புளுகினான். மனைவி சின்னப்பொண்ணு மளமளவென்று புளிச்சோறு கட்டினாள், துணி எடுத்து வைத்தாள். அவள் கையில் இருந்த சுறுசுறுப்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கிளம்பினான். போனது பத்து நிமிஷ தூரம். யார்டில் டிரைவர்கள் கட்டையைச் சாய்க்க ஒரு தகர ஷெட் இருக்கிறது. பகலில் வழக்கம்போல் கார் ஏற்றினான், ராத்திரி அங்கேயே படுத்தான். அவன் ஏற்றிய கார்கள் நிஜமாகவே வடக்கே போய்க்கொண்டிருந்தன.

முதல் நாள் சாயங்காலம் நெல்லூரில் இருப்பதாகச் சொன்னான். "பாத்துப் போப்பா" என்றாள். அடுத்த நாள் ஓங்கோல். அங்கே மழையா என்று அவளாகவே கேட்டாள். மூன்றாம் நாள் விஜயவாடா கிட்டே வந்துவிட்டதாகச் சொன்னான். மடை திறந்துகொண்டது. பள்ளிக்கூடத்துக் கதை, அம்மாவின் கேன்டீன் வேலைக் கதை எல்லாம் வந்தது. நடுவில் சட்டென்று குரல் மாறியது.

"அன்னிக்கு ஸ்டாப்புல நீ பண்ணதுக்கு, பஸ்ல ஒருத்தரும் எங்கிட்ட பேசலப்பா. எல்லாரும் சிரிச்சாங்க."

"தப்புதாம்மா. அப்பா பண்ணது தப்பு."

வீட்டில் இத்தனை நாள் வராத வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பலராமனுக்கு உடம்பே லேசானது.

அந்த நேரம் பார்த்து ஸ்டேஷன் ஒலிபெருக்கி உயிர் பெற்றது. காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் செல்லும் ரயில் இன்னும் சற்று நேரத்தில் வரும் என்று ஒரு பெண் குரல் தெள்ளத் தெளிவான தமிழில் அறிவித்தது. போனைப் பொத்தினான். பொத்தி என்ன செய்ய.

"வாலாஜாபாத்துல தான கீற?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

திட்டப் போகிறாள் என்று நினைத்தான். திட்டட்டும். திட்டிவிட்டு வூட்டுக்கு வா என்று எப்படியும் சொல்லுவாள். சொன்ன மறுநிமிஷம் கிளம்பிவிடலாம் என்று பைக் சாவியைக்கூட கையில் எடுத்துக்கொண்டான்.

"இன்னும் ரெண்டு நாளு அங்கயே இருந்துட்டு வர்றியாப்பா?" என்றாள் சசிரேகா. கோபமே இல்லை. நோயாளியிடம் பேசுவதுபோல் அவ்வளவு பதமாகக் கேட்டாள். "அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். விஜயவாடா தாண்டிட்டன்னு சொல்லிக்கிறேன்."

பலராமன் பைக் சாவியைத் திரும்பவும் பைக்குள் போட்டான். சரிம்மா என்று ஒருவழியாகச் சொன்னான்.

அவள் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள். வகுப்பில் யாரோ பெனிட்டாவாம், அவளுக்கும் கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்கும் தகராறாம். கண்ணில் நீர் வழிய வழியப் பலராமன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அப்புறம்?" என்று கேட்டான்.