மேற்குச் சுவர்

விடிந்தும் விடியாத நேரத்தில் சுடலையம்மாளின் தலையில் மூன்றாவது கட்டு ஏறிவிட்டது. கட்டுக்குக் கனம் ஒன்றுமில்லை. மஞ்சள் போர்வையைச் சுருட்டி வைத்ததுபோல மெத்தென்று இருக்கும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படியேறினாள். அதிலிருந்து உதிரும் ஒவ்வொரு இழையும் கழுத்தில் ஊசியாக இறங்கியது. நேற்றுத் தூக்கியதற்கே கழுத்து சிவந்து தடித்துக் கிடந்தது.

அவளும் கூட வந்த ஐந்து பெண்களும் கட்டட வேலைக்காரர்கள் இல்லை. இராஜபாளையத்தில் சூர்யபிரகாஷ் நடத்தும் பேண்டேஜ் கம்பெனியில் துணி வெட்டி மடிக்கிறவர்கள். ஆர்டர் குறைந்த மாதத்தில் ஆட்களைச் சும்மா உட்கார வைக்க முதலாளிக்கு மனம் வருமா? திருவில்லிபுத்தூர் போகும் வழியில் கட்டிக்கொண்டிருந்த தன் புது வீட்டுக்கு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

மாடியில் பெரிய படுக்கையறை மேற்குப் பார்த்தது. சன்னலைத் திறந்தால் மலை தெரியும். மத்தியானத்துக்கு மேல் வெயிலும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் சுவரின் உட்பக்கம் இரும்புச் சட்டம் அடித்து, இடைவெளியில் சூடு தடுக்கிற சரக்கைத் திணித்து, மேலே பலகை போட்டு மூடுவதாக ஏற்பாடு. எதைத் திணிப்பது என்று போன வாரம் பேச்சு நடந்தது. இன்ஜினியர் எபனேசர் மூன்று மாதிரிகளை மேசையில் பரப்பினார். தெர்மாகோல் தீப்பிடிக்கும் என்றார் முதலாளி. தென்னை நார்ப் பலகையைக் கரையான் அரிக்கும் என்றார் அவர் மனைவி. மருந்து ஏற்றிய பலகைதான், அரிக்காது என்று எபனேசர் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. கடைசியில் கண்ணாடி இழைப் பஞ்சு என்று முடிவானது.

"சார், இதுக்குன்னா ஆளுகளுக்குக் காகிள்ஸ், கிளவுஸ், மாஸ்க் எல்லாம் வாங்கணும்," என்றார் எபனேசர்.

"நம்ம கம்பெனிப் பொம்பளைக பஞ்சுலயே பொறந்து வளந்தவங்க. அவங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

எபனேசர் வாயை மூடிக்கொண்டார். படித்தவர் வாயை மூடியதற்கு, படிக்காதவர்கள் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு டீ வந்தது. பேண்டேஜ் கம்பெனியில் டீக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. காற்றுக் குழாயைத் திறந்து ஒருத்தி மேல் ஒருத்தி அடித்துக்கொள்வார்கள். தலையிலும் சேலையிலும் ஒட்டிய பஞ்சுத் தூசி பறந்துவிடும். இங்கே பெயின்டர் பேச்சிமுத்து அன்று காலை கொண்டுவந்த காற்றடிக்கும் கம்ப்ரசர் வாசலில் நின்றது.

"ஏட்டி அனுசியா, அந்தக் காத்துக் குழாய எடு. அரிப்பு தாங்கல," என்றாள் சுடலையம்மாள்.

போன தையில் கல்யாணமான பெண் அனுசியா. சுடலையம்மாளின் முதுகில் காற்றை அடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே குழாயைத் தன் தலைப்பக்கம் திருப்பினாள். பருத்தித் தூசி கண்ணில் விழுந்தால் கண்ணீரே கழுவிவிடும். இது கண்ணாடி. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அவள் மணல் குவியலில் உட்கார்ந்தாள். "கசக்காத" என்று கூட வந்த தேவகிருபை ஓடிவருவதற்குள் கசக்கிவிட்டாள்.

பேச்சிமுத்து ஆட்டோ பிடித்துவந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தார். தேவகிருபையும் கூடப் போனாள். மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து சுடலையம்மாளுக்குப் போன் போட்டாள்.

"கருவிழியில கீறலாம் மதினி. ரெண்டு துணுக்கு எடுத்திருக்காக. பார்வைக்கு என்னன்னு ஒரு வாரம் கழிச்சுத்தான் சொல்ல முடியுமாம்."

குழாயை எடுக்கச் சொன்னது சுடலையம்மாளின் வாய்தானே. உடனே கம்பெனியில் மடிப்பு வேலையில் இருக்கும் செல்லக்கனிக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். மற்ற மூன்று பேரையும் மாடியிலிருந்து இறங்கிவரச் சொன்னாள்.

செய்தி தெரிந்து வந்த முதலாளி காரைவிட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "காத்துக் குழாய எடுக்கச் சொன்னது யாரு?"

"நாந்தான் சார்," என்றாள் சுடலையம்மாள். "எடுக்கச் சொன்னது என் தப்பு. அந்தப் பாவம் எனக்குச் சாகுற வரைக்கும் இருக்கும். ஆனா இது பருத்தி இல்ல, ஊதக்கூடாதுன்னு எங்களுக்கு யாரும் ஒரு வார்த்த சொல்லல. ஒங்களுக்குத் தெரியும்லா?"

சூர்யபிரகாஷ் இன்ஜினியரைப் பார்த்தார். எபனேசர் இந்த முறை வாயை மூடவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன் சார்."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. பன்னெண்டு நாள்ல புது வீட்டுக்குப் பால்காய்ப்பு, பத்திரிகை குடுத்தாச்சு. ஆஸ்பத்திரிய நான் பாத்துக்கிடுதேன். ஏறி வேலையப் பாருங்க."

"அத நீங்க பாத்துத்தான் ஆகணும். மொதல்ல காகிள்ஸ், கிளவுஸ், மாஸ்க் வரணும். இல்லன்னா அந்த நார்ப் பலகையப் போடுங்க. அதுவரைக்கும் ஒருத்தியும் ஏற மாட்டா."

"என் வீட்டுச் சுவத்துல என்ன வைக்கணும்னு நீ சொல்லுதியா?"

"வச்சுத் திணிக்கிறது எங்க கை சார்."

"அப்ப கம்பெனிப் பக்கமும் வராதீங்க." பேச்சிமுத்துவிடம் திரும்பினார். "ஏய், நீ ஏறு. ஒன் ஆளையும் கூப்பிடு."

பேச்சிமுத்து பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளய ஆட்டோவுல தூக்கி வச்சவன் நான். அத நான் தொடமாட்டேன் சார்."

முதலாளி போனை எடுத்தார். மூன்று மணிக்குள் கம்பெனியிலிருந்து இன்னொரு செட்டை வேனில் ஏற்றி அனுப்பச் சொன்னார். எல்லோர் காதிலும் விழும்படி உரக்கவே சொன்னார். நான்கு பெண்களும் வாசல் கேட்டை மறித்து வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். சுடலையம்மாளின் மகள் கிருஷ்ணன்கோவில் காலேஜில் கடைசி வருடம் படிக்கிறாள். வேலை போனால் அந்தப் படிப்பு என்னாகும் என்ற நினைப்பு நெஞ்சை அழுத்தியது. பயம் இல்லாதவளில்லை அவள். பயத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள்.

வேன் வந்தது. கம்பெனிப் பெண்கள் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். முதலாளி மாடியைக் கை காட்டினார். முன்னால் வந்த செல்லக்கனி நேராகக் கேட்டுக்கு வந்து சுடலையம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"விஷயம் தெரிஞ்சும் ஏன்ட்டி வேன்ல ஏறுனீக?" என்றாள் சுடலையம்மாள்.

"நாங்க ஏறலன்னா வெளியாள ஏத்துவாரு. அதான் வேன்ல இடத்தப் பிடிச்சிட்டோம்," என்றாள் செல்லக்கனி.

முதலாளி மாடிக்குப் போனார். பாதி திணித்த மேற்குச் சுவர் திறந்து கிடந்தது. மூன்றரை மணி வெயிலில் அந்த அறை அடுப்பாகக் காந்தியது. அங்கே நின்று யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு வேறு ஊர் ஆட்கள் வரலாம். கம்பெனி கேட்டில் பூட்டும் தொங்கலாம்.

அப்போது ஆட்டோ வந்து நின்றது. தேவகிருபையின் தோளைப் பிடித்துக்கொண்டு அனுசியா இறங்கினாள். வலது கண்ணில் வெள்ளைக் கட்டு. சுடலையம்மாள் எழுந்துபோய் அதை விரல் நுனியால் தொட்டாள். எட்டு மடிப்பு, பிசிறு தெரியாமல் ஓரம் உள்ளே. தினமும் அவர்கள் மடித்து அடுக்குகிற துணி. அவளுக்கு அழுகை வெடித்தது.

"என்னாலதான ஒனக்கு இப்பிடி ஆச்சு."

"குழாயப் பிடிச்சது நானுந்தான். விடுங்கக்கா." அனுசியா ஒற்றைக் கண்ணால் வரிசையைப் பார்த்தாள். பிறகு மாடியைப் பார்த்தாள்.

"ஏட்டி, வீட்டுக்குப் போ. படுத்துக்கோ," என்றாள் சுடலையம்மாள்.

"பொறவு போறேன். கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க."

பெண்கள் நகர்ந்து அவளுக்கும் தேவகிருபைக்கும் இடம் விட்டார்கள்.