பெயின்ட்டின் மேல் முறுக்கிய போல்ட்

1
கடைசிச் சனிக்கிழமை காலை, ரொட்டியின் ஓரங்களைத் தட்டில் ஒதுக்கிவிட்டு என் கணவர் ஓரின் விமானக் கொட்டகைக்குக் கிளம்பினார். [கதை இங்கே தொடங்கக் கூடாது. தொடங்கிவிட்டது.]

இதை எழுதச் சொன்னவர் எங்கள் விமானச் சங்கத்தின் ஆலோசகர் ஹார்லன். "மாத இதழுக்கு எழுதிக் குடு, மார்லிஸ். மத்தவங்களுக்குப் பாடமா இருக்கட்டும்." தலைப்பும் தந்தார்: 'ஓர் அலட்சியத்தின் விலை'. அந்தத் தலைப்பைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

2
விஸ்கான்சின் குளிரில் ஒன்பது ஆண்டுகள் நானும் ஓரினும் கையால் கட்டிய விமானம். ஓராண்டு நன்றாகப் பறந்தது. பிறகு பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. பதினான்கு வோல்ட் காட்ட வேண்டிய மீட்டர் பன்னிரண்டில் நின்றது. எங்கள் இன்ஜினுக்குத் தீப்பொறி பேட்டரியிலிருந்துதான்; அது தீர்ந்தால் இன்ஜின் நின்றுவிடும்.

சனிக்கிழமைகளில் சங்கத்தார் காபியும் டோனட்டுமாக வந்து யோசனை சொல்வார்கள்.

"ரெகுலேட்டர்தான்பா. கழட்டி எறி," என்றார் ஹார்லன், சார்ஜைச் சீராக்கும் சின்னப் பெட்டியைக் காட்டி.

"மூணு மாத்தியாச்சு," என்றார் ஓரின்.

"நாலாவது மாத்து. பொண்டாட்டியையா மாத்தச் சொல்றேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

[ஹார்லனை வில்லனாக்குகிறேனா? அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.]

3
நாலாவதையும் மாட்டிச் சோதித்துப் பார்க்க மேலேறிய ஓரின், சோயா வயலுக்கு மேலே

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

4
கோளாறு ரெகுலேட்டரில் இல்லை என்றார் விசாரணைக்கு வந்தவர். இன்ஜினுக்குப் பின்னாலுள்ள தகரச் சுவரில் ரெகுலேட்டரின் எர்த் வயரைப் போல்ட் போட்டு முறுக்கிய இடத்தில், வயருக்கும் தகரத்துக்கும் நடுவே பெயின்ட். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்ச நாள் மின்சாரம் ஓடியது. துரு ஏற ஏற அதுவும் அடைபட்டது.

"பெயின்ட்டச் சுரண்டாம விட்டுட்டான் பாரு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே," என்கிறார் ஹார்லன் இப்போது.

அந்தப் பெயின்ட்டை அடித்தவள் நான். விமானக் கண்காட்சி நடுவர்கள் இன்ஜின் மூடியைத் திறந்து பார்ப்பார்கள் என்று மூன்று பூச்சு. எர்த் வயர் மாட்டும் இடத்தைச் சுரண்ட ஓரின் உப்புத்தாளோடு வந்தபோது, "ஒரு கீறல் விழுந்துது, அவ்ளோதான்!" என்றேன். சிரித்துக்கொண்டே தாளை மடித்துப் பையில் வைத்தார்.

கட்டி முடித்ததும், பறக்கும் முன் சங்கத்தின் சார்பில் சோதிக்க வந்த ஹார்லன் டார்ச் அடித்துப் பார்த்தார். "அடேயப்பா! தட்டே இல்லாம இதுமேல சாப்பிடலாம்போல!"

5
அலட்சியம் ஓரினுடையது என்று முடித்தால் ஹார்லன் அச்சிடுவார். என்னுடையது என்று முடித்தால் அழுதுகொண்டே அச்சிடுவார். மூன்று பேர் பார்த்தோம், மூன்று பேருமே அழகில் மயங்கினோம் என்று முடித்தால்? பக்கம் போதவில்லை என்பார்.

வாசகரே, முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். முதலாவது மட்டும் வேண்டாம். செத்தவர் பதில் சொல்ல மாட்டார் என்பதற்காகப் பழியை அவர் தலையில் கட்ட விடமாட்டேன்.

சோதனைப் படிவம் என்னிடம் இருக்கிறது. 'எர்த் இணைப்பு: சரி' என்ற வரிக்கு எதிரே ஹார்லனின் கையெழுத்து. நீல மை. இன்னும் மங்கவில்லை.