பூட்டிய பெட்டிக்குள் ஒரு பெயர்

வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து மணிக்குள் எங்கள் கூரியர் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் சக ஊழியர் ஒருவரின் குறையைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும். மேலாளரின் கண்டுபிடிப்பு. ஒரே வாரத்தில் ஒருவர் மேல் மூன்று சீட்டு விழுந்தால் வேலை காலி. மூன்று விழாவிட்டால் யார் பெயரும் வெளியே வராது.

ஒரு வருடமாக நான் பக்கத்து மேசையில் இருக்கும் என் கணவர் பெயரைத்தான் எழுதினேன். 'பேனா மூடியைக் கடிக்கிறார்.' அடுத்தவர் வயிற்றில் அடிக்க வேண்டாமே என்றுதான். அவரிடம் சொன்னதில்லை.

இன்று மதியம் சாப்பாட்டு அறையில் வரவேற்பு மேசை அக்கா மெல்லச் சொன்னாள்.

"இந்த வாரம் உன் வீட்டுக்காரர் பேரப் போட்டுட்டேன்மா. கோச்சுக்காத. மத்தவங்கன்னா சண்டைக்கு வருவாங்க, அவரு சிரிச்சிட்டுப் போயிடுவாரு."

என் சீட்டு காலையிலேயே உள்ளே போயிருந்தது. ஆக, இரண்டு.

அதன் பிறகு வேலை ஓடவில்லை. காணாமல் போன பார்சலைக் கேட்டவரிடம் இருமுறை ஒரே பதிலைச் சொன்னேன். பெட்டிப் பக்கம் யார் போனாலும் கழுத்து திரும்பியது.

"என்ன, கால் தையல் மெஷின் ஓட்டுது?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லங்க."

நாலே முக்காலுக்கு எழுந்துபோய் ஒரு சீட்டைப் போட்டுவிட்டு வந்தார்.

"யாரு பேரு?"

"என் பேருதான். வாராவாரம் அதான். வேற யார எழுத மனசு வருது?"

ஆக, மூன்று. சொன்னேன், எல்லாவற்றையும். அவர் பேனா மூடியைக் கடித்தபடி பெட்டியையே பார்த்தார்.

ஐந்து மணிக்கு மேலாளர் பெட்டியைத் திறந்து, எண்ணி, என் கணவர் பெயரைச் சொன்னார்.

"ஒண்ணு நான் எழுதினது சார். ஒண்ணு அவரே எழுதினது," என்றேன்.

"மூணாவது என்னுது," என்று அக்கா எழுந்தாள்.

"யார் எழுதினா என்ன? மூணு மூணுதான்."

நான் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"உங்க வேலை இருக்கேம்மா?"

"அடுத்த வாரம் எழுத எனக்கு ஆள் இல்ல சார்."

பேருந்து நிறுத்தத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. அடுத்த மாதச் செலவை விரல்விட்டு எண்ணினேன்.

"பேனா மூடி கடிக்கிறது அவ்வளவு பெரிய குறையா?" என்றார்.

"வேற குறை கிடைக்கல. ஒரு வருஷமா தேடினேன்."

என் கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் முழங்காலில் கை வைத்தார். ஆட்டம் நிற்கவில்லை, கையை அவர் எடுக்கவுமில்லை.